ஒரு பெண்ணுக்கு இரண்டு குரல்

1. துண்டுகள்

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. நல்ல படம் முடிந்தாலும் சனம் அப்படி இருப்பதுண்டு. இது அந்த அமைதி இல்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது, வந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று காத்திருந்த அமைதி. ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

நான் வாசலில் நின்று ஆளுக்கொரு பேனாவும் கருத்து எழுதும் துண்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் தமிழ் வசனம் முழுவதும் நான் எழுதியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முகங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகள்தான் சொல்லின.

"படம் நல்ல வடிவு. கதை எங்கை?"

"பனிக்கு மேலாலை ட்ராம் ஓடுற கட்டம் திறம். ஏன் ஓடுது எண்டு கடைசிவரை தெரியேல்லை."

"எல்லாரும் கறுப்புக் கோட்டு. ஆர் நல்லவன், ஆர் கெட்டவன் எண்டு அடையாளம் வையுங்கோ."

"முதலாம் பாகம் காட்டாமல் ரெண்டாம் பாகம் காட்டினது உங்கடை பிழை."

தாயோடு வந்திருந்த ஒரு பிள்ளை பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: த்ரோ ஸ்டிலே, சரியான ஸ்டைல் என்று. அதன் கீழே, தனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்றும்.

இது 2010ஆம் ஆண்டுக் குளிர்காலம். பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு புடவைக் கடைக்குக் கீழே, நிலவறையில் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. நடத்தியவர் குணம் அண்ணை. பிறநாட்டுப் படங்களை வாங்கி, தமிழ்க்குரல் போட்டு, செய்மதித் தொலைக்காட்சிக்கு விற்பதுதான் தொழில். அதுவரை சின்னப்பிள்ளைகளின் கார்ட்டூன்கள் மட்டும் செய்துவந்தோம். நான் ஒன்பது வருடம் அலுவலகங்களில் மெனாஜ் செய்தவள், அதாவது துப்புரவு வேலை. ஊரில் ஆங்கில ஆசிரியையாகப் பயிற்சி பெற்றிருந்தேன் என்று அறிந்து குணம் அண்ணைதான் என்னைக் கூப்பிட்டு வசனம் எழுத வைத்தார். பாரிசுக்கு வந்தபின் கதிரையில் இருந்து செய்த முதல் வேலை அது.

இந்த ரஷ்யப் படம் எங்கள் முதல் பெரிய படம். மாய உலகக் கதை. முதல் பாகத்தின் உரிமை வேறு யாரிடமோ போய்விட்டது, இரண்டாம் பாகம்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து தொலைக்காட்சியின் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. படத்தோடு பார்வையாளர் கருத்துகளும் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் அந்த ஞாயிறு மத்தியானம் ரூ பஜோலில் மண்டபம் எடுத்து, நாற்பது பேருக்கு இலவசமாகக் காட்டினோம். அவர் வாங்காவிட்டால் கூடத்தைப் பூட்டுவதாகக் குணம் அண்ணை முன்பே சொல்லியிருந்தார். பகிடிக்குச் சொல்லுகிற ஆள் இல்லை.

மண்டபம் காலியான பிறகு படியில் இருந்து துண்டுகளை வாசித்தேன். அடியில் கிடந்தது மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

"அலெக்ஸாந்திராவும் ஷூராவும் ஒராள். ஏன் ரெண்டு பேரின்ரை குரல் போட்டனீங்கள்? கதவுக்குப் பின்னாலை நிக்கிற தாய், அக்கா எங்கை எண்டு கேக்கேல்லை. சாப்பிட்டனியோ எண்டுதான் கேக்கிறா."

கீழே நிதன் என்று பெயர். தொலைபேசி இலக்கம்.

நான் அந்தத் துண்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். மெத்ரோவில் வீட்டுக்குப் போகும்வரை அதை மறுபடி எடுத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

2. சேர்த்த வரி

என்ன நடந்தது என்பதை, இப்போது என்னிடம் வசனம் எழுதப் பழகும் இளையவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

உரிமையை விற்றவர்கள் படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு வசனப் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். இடப்பக்கம் ஆளின் பெயர், வலப்பக்கம் வசனம், அவ்வளவுதான். அதில் அலெக்ஸாந்திரா என்றும் ஷூரா என்றும் இரண்டு பெயர்கள் இருந்தன. அலெக்ஸாந்திரா பகல் உலகத்தில் காவல் வேலை செய்பவள், கட்டைக் கறுப்பு முடி. ஷூரா பனி உலகத்தில் நடப்பவள், நிலம்வரை வெள்ளை முடி, முகம் முழுக்க வெள்ளிப்பூச்சு. இருவரும் ஒரு காட்சியிலும் சேர்ந்து வரவில்லை. படத்தில் வந்த எழுத்துகளெல்லாம் ரஷ்ய எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா தங்கை என்று நானாகவே முடிவெடுத்தேன். அக்காவுக்குச் சாந்தினியின் குரல், தங்கைக்கு வதனியின் குரல்.

பிழை அதோடு நிற்கவில்லை. அக்கா தங்கை என்றால் கதையில் பல இடங்கள் ஒட்டவில்லை. ஒட்டாத இடங்களில் நான் வரி சேர்த்தேன். "என்ரை தங்கச்சி பனிக்குள்ளை போயிட்டாள்" என்று ஓரிடத்தில். "அக்கா என்னைத் தேடி வருவா" என்று இன்னோரிடத்தில்.

உச்சக்கட்டம் ஒரு பூட்டிய கதவடியில் நடக்கிறது. வெள்ளை முடிக்காரி, அந்த வீட்டை என்றைக்கும் உறைய வைக்கும் பனிச் சாவியோடு வெளியே நிற்கிறாள். உள்ளே தாய். இவள் ஒரே ஒரு சொல் சொல்லுகிறாள். தாய் பதில் சொல்லுகிறாள். உடனே சாவி கையிலிருந்து விழுகிறது. ஆங்கிலப் பட்டியலில் தாயின் பதில், "ஷூரா, சாப்பிட்டாயா?" என்றுதான் இருந்தது. உலகம் அழியப்போகிற நேரத்தில் சாப்பாட்டுக் கதையா என்று நினைத்தேன். பட்டியல் செய்தவன் பிழை விட்டிருப்பான் என்று நானே தீர்மானித்து, "ஷூரா, உன்ரை அக்கா எங்கை?" என்று மாற்றினேன். உதட்டசைவுக்கும் பொருந்தியது. எழுதி முடித்தபோது நல்ல வேலை செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

3. துண்டைக் கேட்டு வந்தவர்

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணி தாண்டி நிலவறைப் படியில் ஒருவர் இறங்கி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். உணவகச் சமையலறையின் எண்ணெய் மணம் கோட்டில் இருந்தது. மேலே புடவைக் கடையில் கேட்டு வந்திருக்கிறார்.

"அக்கா, நான் நிதன். நேற்று ஒரு துண்டு எழுதினனான். அதைத் திருப்பித் தருவியளோ?"

"ஏன் தம்பி?"

"பேரும் நம்பரும் போட்டிட்டன். யோசிக்காமல் போட்டிட்டன்."

"உங்களுக்கு ரஷ்யன் தெரியுமோ?"

அவர் ஒலிப்பெட்டியடியைப் பார்த்தார். எங்கள் ஒலிப்பதிவாளர் சேவியே அங்கே காதில் ஹெட்ஃபோனோடு இருந்தார். அவருக்குக் கேட்காது என்று நான் கையால் காட்டினேன்.

"ரெண்டரை வருஷம் மொஸ்கோவிலை நிண்டனான்," என்றார் நிதன். "பிரான்சுக்கு அனுப்புறன் எண்ட ஏஜென்சி அங்கை கொண்டுபோய் விட்டிட்டுப் போட்டான். ஒரு கன்டீனிலை சட்டி கழுவினனான். அங்கை பழகினதுதான். நேற்றுப் படத்திலை தமிழுக்குக் கீழாலை ரஷ்யன் மெல்லமாக் கேட்டது."

அது உண்மை. கடைசி மிக்ஸ் முடியாததால் மூல ஒலியைத் தாழ்வாக விட்டிருந்தோம்.

"அதுக்கேன் துண்டைத் திருப்பிக் கேக்கிறியள்?"

"என்ரை அகதிக் கேஸிலை மொஸ்கோ இல்லை அக்கா." குரலைத் தாழ்த்தினார். "வாக்குமூலம் எழுதித் தந்தவர் அதை வெட்டிப்போட்டார். அங்கை நிண்டதெண்டால், அங்கையே ஏன் அகதி கேக்கேல்லை எண்டு கேப்பினமாம். அந்த ரெண்டரை வருஷமும் கொழும்பிலை ஒளிச்சிருந்ததெண்டு எழுதியிருக்கு. முதல்தரம் நிராகரிச்சிட்டினம். இனி மேன்முறையீடு, வாற மாதம் விசாரணை. எனக்கு ரஷ்யன் தெரியும் எண்டு என்ரை கையாலை எழுதின துண்டு ஒண்டு டீவிக்காரரிட்டைப் போனால்..."

அவர் முடிக்கவில்லை. படியில் குணம் அண்ணையின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. துண்டு என் மேசையில் விரித்தபடி கிடந்தது. வசனத்தாளை அதன்மேல் இழுத்து வைத்தேன்.

"இதார்?" என்றார் குணம் அண்ணை.

"நேற்று வந்தவர். பேனையை மாறிக் கொண்டுபோட்டாராம்," என்றேன்.

அவர் நிதனைக் கவனிக்கவில்லை. துண்டுக் கட்டைத் தூக்கிப் புரட்டினார்.

"பாத்தனான் பவானி. இதிலை வடிவு, திறம் எண்டு எழுதினதுகளை மட்டும் எடு. மற்றதைக் கிழிச்சுப் போடு."

"விளங்கேல்லை எண்டுதான் கனபேர் எழுதியிருக்கினம் அண்ணை."

"உந்தப் படம் ஆருக்கும் விளங்காது. இன்டர்நெட்டிலை ரஷ்யாக்காரனே தலை சுத்துது எண்டு எழுதி வைச்சிருக்கிறான். அது படத்தின்ரை குணம். எங்கடை பிழை இல்லை."

அவர் மேலே போகும்வரை நானும் நிதனும் அசையவில்லை. பிறகு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நாலாக மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். படிவரை போனவர் திரும்பினார்.

"அக்கா, ஒண்டு. அந்தத் தாய் கேட்டது சாப்பாடுதான். அதை மட்டுமெண்டாலும் மாத்துங்கோ."

போய்விட்டால் இந்த ஆளை மறுபடி பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு எத்தினை மணிக்கு வேலை?"

"ஆறுக்கு. இப்ப கூப்யூர்." மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் உணவகக்காரருக்குக் கிடைக்கும் இடைவெளி அது.

"இருங்கோ தம்பி. உங்கடை பேர் ஒரு இடத்திலையும் வராது. நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

அவர் படியையும் கதிரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தார்.

4. கூப்யூர்

திங்களும் செவ்வாயும் மூன்று மணியிலிருந்து ஐந்தரைவரை இருந்தோம். படத்தைத் துண்டுதுண்டாக நிறுத்தி, மூல ஒலியைக் கேட்டு அவர் சொல்ல, நான் தாளில் குறித்தேன். நான் சேர்த்த வரிகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர், "இல்லை அக்கா, இப்பிடி இல்லை," என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். என்னைவிட அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது போல.

"ஷூரா எண்டது அலெக்ஸாந்திராவின்ரை செல்லப்பேர்," என்றார். "வீட்டாக்கள் மட்டும்தான் அப்பிடிக் கூப்பிடுவினம். வெளியாக்கள் கூப்பிடமாட்டினம். அந்தப் பனி உலகத்திலை அவளுக்குப் பேர் இல்லை, ஆரும் அவளோடை கதைக்கிறேல்லை. பட்டியல் செய்தவன் தாய் கூப்பிட்ட பேரை அவளுக்குப் போட்டிருக்கிறான்."

"இது உங்களுக்கு உடனை விளங்கினதோ?"

"எனக்கு பாஸ்போட்டிலை நித்தியானந்தன். அம்மாவுக்கு நான் அப்பன். அங்கை கன்டீன்காரி என்னை நீத்யா எண்டுவா. ஒராளுக்கு மூண்டு பேர் இருக்கிறது புதினமோ அக்கா?"

எனக்கு முகம் சுட்டது. என் பதிவுப் பெயர் பவானி. வீட்டில் இன்றுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, பேபிதான். பதிவுப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறாக இருப்பது எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ரஷ்யர்களுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாய உலகம் என்றதும் எல்லாம் மாயமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

கதவுக் காட்சியை மூன்று முறை போட்டோம். வெள்ளை முடிக்காரி வெளியே நின்று சொல்லும் ஒரே ஒரு சொல், அம்மா. தாய்க்கு ஆள் தெரியவில்லை, கதவு பூட்டியிருக்கிறது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்ததும் வீட்டுப் பெயரைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்.

மூன்றாம் முறை முடிந்ததும் நிதன் எழும்பி வாளியில் முகம் கழுவப் போனார்.

5. ஒரே தொண்டை

புதன்கிழமை காலை குணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் சொன்னது?"

"ரஷ்யன் தெரிஞ்ச ஒராள்."

"எந்த ஒராள்? கூட்டிக்கொண்டு வா. முகத்தைப் பாப்பம்."

"அது ஏலாது அண்ணை."

"நாளையிண்டைக்கு ஆள் வாறான். பேர் சொல்ல ஏலாத ஒருத்தனை நம்பி ரெண்டு மாத வேலையை அழிக்கச் சொல்லுறியோ? உனக்கு இஞ்சை இருக்க விருப்பம் இல்லையெண்டால் நேரை சொல்லு, பவானி."

நிதனின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பியிருப்பேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு கதை ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

உதவிக்கு வந்தவர் சேவியே. புதுச்சேரிக்காரர். எங்கள் கதையில் அதிகம் தலையிடாதவர்.

"மிசியே குணம், யார் சொன்னா என்னங்க. காதால கேட்டாத் தெரிஞ்சிடும்ல," என்றார். மூலப் படத்தில் அந்த இரண்டு பெண்கள் பேசும் பிஸ்த்துகளை, அதாவது ஒலித்தடங்களை, அடுத்தடுத்துப் போட்டார். வசனம் வரும் இடங்களை விட்டுவிட்டு, மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் சேர்த்துக் கேட்க வைத்தார். ஒரு சின்ன விசில் போல மூச்சு. இரண்டிலும் அதே விசில்.

"ஒரே தொண்டைதாங்க," என்றார் சேவியே. "நானும் கவனிச்சிருக்கணும். தமிழ் வர்ற எடத்துல அதக் கொறைச்சு வெச்சிட்டே போயிட்டேன்."

குணம் அண்ணை இன்னொரு தரம் போடச் சொன்னார். கேட்டார். பிறகு ஒரு வழி கண்டவர் போல நிமிர்ந்தார்.

"சரி, ஒராளாவே இருக்கட்டும். மந்திரப் படம்தானே. பனிக்குள்ளை போனால் குரலும் மாறும் எண்டு விடுவம். அக்கா தங்கச்சி வசனத்தை மட்டும் எடுத்தால் காணும்."

எனக்கும் ஒரு கணம் அது நல்லதாகப் பட்டது. ஒருவருக்கும் வேலை போகாது. ஆனால் கதவு பூட்டியிருக்கிறது.

"தாய்க்குக் குரல் மட்டும்தான் அண்ணை இருக்கு. குரல் வேறை எண்டால் அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தீரவில்லை. ஆனாலும் விளங்கியது என்பது தெரிந்தது.

"சாந்தினியின்ரைதான் கூட வசனம். அப்ப வதனியின்ரையை அழிக்க வேணும். அவளுக்கு ஆர் சொல்லுறது?"

"நான்தான்."

6. ரூ பெர்தொனே

வதனி ரூ பெர்தொனேயில் ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருந்தாள். கிளிநொச்சிப் பிள்ளை, வந்து ஒன்றரை வருடம். அவளுக்கு இருந்தது ஐம்பது அறுபது வரிதான். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் பழகிக்கொண்டு வருவாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், வெள்ளை முடிக்காரி நான்தான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

நான் போனபோது கல்லாவில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை முடியும்வரை நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அடுத்து வந்தவரின் பாகற்காயை நிறுத்து, பைக்குள் போட்டு, மிச்சம் கொடுத்தாள்.

"நான் பிழையாச் செய்தனானோ அக்கா?"

"இல்லை. நீ திறமாச் செய்தனி. பிழை என்ரை. நான்தான் ஒராளை ரெண்டாக்கினது."

"அப்ப நீங்கள் விட்ட பிழைக்கு என்ரை குரலை அழிக்கிறியள்."

"ஓம்."

வேறு என்ன சொல்ல முடியும்? அடுத்த படத்தில் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அடுத்த படம் வருமா என்றே தெரியாதபோது அதைச் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அவள் அடுத்தவரைப் பார்த்து, "வாங்கோ அண்ணை," என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாந்தினி அலுவலகத்தில் லீவு எடுத்து வந்து, காலை தொடங்கிப் பொழுதுபட முன் வெள்ளை முடிக்காரியின் வரிகள் அத்தனையும் பேசினாள். புதுத் தாளில் நிதன் சொன்னபடி மட்டும் இருந்தது. தாய்க்குக் குரல் கொடுத்தவரையும் கூப்பிட்டு அந்த ஒரு வரியைத் திரும்ப எடுத்தோம். சேவியே மத்தியானம் சாப்பிடவில்லை.

7. வெள்ளிக்கிழமை

லண்டன்காரர் மெலிந்த, கதைக்காத மனிதர். நிலவறையில் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு படம் பார்த்தார். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. குணம் அண்ணை அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் கருத்துகளைக் கேட்டார். நான் உறையைக் கொடுத்தேன். நல்லதை மட்டும் பொறுக்கச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் நிதனுடையதைத் தவிர ஒன்றையும் எடுக்காமல் வைத்திருந்தேன். உறையின் தடிப்பைக் கண்டதும் குணம் அண்ணையின் முகம் மாறியது. லண்டன்காரர் ஒன்றும் விடாமல் வாசித்தார். ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"அக்காவும் தங்கச்சியும் ஏன் ஒருக்காலும் சந்திக்கேல்லை எண்டு எழுதியிருக்கு. நான் பாத்த படத்திலை அக்கா தங்கச்சி இல்லையே?"

"ஞாயிற்றுக்கிழமை இருந்தவை," என்றேன். "அது நான் விட்ட பிழை. சனம் எழுதினாப்பிறகுதான் தெரிஞ்சது. நேற்றுத்தான் திருத்தினது."

குணம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

லண்டன்காரர் துண்டுகளை உறைக்குள் திருப்பி வைத்தார். "படம் எனக்கு இப்பவும் விளங்கேல்லை," என்றார். "அந்த ட்ராம் ஏன் ஓடுது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கதவு விளங்குது." கோட்டைப் போட்டார். "ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

அவர் போன பிறகு குணம் அண்ணை என்னை ஏசவில்லை, பாராட்டவுமில்லை. ஒரு கிழமைக்கு என்னோடு ஒன்றுமே கதைக்கவில்லை. அடுத்த கிழமை கொரியப் படம் ஒன்றின் பட்டியலை என் மேசையில் வைத்தார். மேல் தாளில் ஒரு இலக்கம் எழுதியிருந்தது. "கொரியன் தெரிஞ்ச பிள்ளை. முதலே கேட்டிட்டுத் தொடங்கு," என்றார்.

8. பிறகு

படம் தொலைக்காட்சியில் போனது. கருத்து கேட்டு விட்டிருந்த இலக்கத்துக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல், விளங்கவில்லை என்பதுதான். பிழை எல்லாம் என்னுடையது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதில் ஒரு பங்கு அந்த இயக்குநருடையதும்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வதனி அதன் பிறகு கூடத்துக்கு வரவில்லை. இரண்டு படத்துக்குக் கூப்பிட்டேன். நேரமில்லை என்றாள். கடையில் காணும்போது மரியாதையாகக் கதைப்பாள், என் பையை மற்றவர்களுடையதைப் போலவே கவனமாகக் கட்டித் தருவாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவளுக்கு நான் செய்தது திருத்த முடியாதது. இந்தக் குறிப்பில் அதை மறைக்க விரும்பவில்லை.

படம் ஒளிபரப்பான அதே கிழமை, கூப்யூர் நேரத்தில் நிதன் வந்தார்.

"சட்டத்தரணியிட்டை மொஸ்கோவைச் சொல்லிப்போட்டன் அக்கா. புது வாக்குமூலம் தமிழிலை எழுதிக்கொண்டு வரச் சொல்லுறா, மொழிபெயர்க்கக் குடுக்க. நீங்கள் எழுதித் தருவியளோ?"

"இப்ப சொன்னால் கேஸுக்குக் கூடாதெண்டு பயமில்லையோ?"

"பயம்தான். ஆனால் பழைய கதையிலை நான் இல்லை அக்கா. போனமுறை கேள்வி கேக்கேக்கை, கொழும்பிலை நான் ஒருநாளும் காணாத ஒரு வீட்டை அவைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன். அவை ஒண்டைக் கேக்க நான் வேறை ஒண்டு சொன்னன்."

இரண்டு கூப்யூரில் எழுதினோம். மொஸ்கோவில் ஏஜென்சியின் வீட்டில் பூட்டி வைத்திருந்த மாதங்கள் அவருக்கு ஒழுங்காக நினைவில்லை. எது முதல், எது பிறகு என்று குழம்பினார். என் கை பழைய பழக்கத்தில் ஒரு மாதத்தின் பெயரை எழுதப் போனது. அங்கே ஒரு மாதம் போட்டால் வசனம் அழகாக ஓடும். நிறுத்தினேன்.

"உங்களுக்குத் தெரியாதெண்டால் தெரியாதெண்டே போடுறன்," என்றேன்.

"அப்பிடிப் போடலாமோ?"

"அதுதானே உண்மை."

இந்த மாதங்களின் ஒழுங்கு எனக்கு நினைவில்லை என்று அவர் சொன்னபடியே எழுதினேன். விசாரணையில் அவர்கள் நெருக்கிக் கேட்டது அந்த இடத்தைத்தானாம். நினைவில்லை என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார். ஏன் முன்பு மறைத்தாய் என்றும் கேட்டிருக்கிறார்கள். பயந்து மறைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். முடிவு வரும்வரை இருந்த அந்த மூன்று கிழமையில் நானும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. என் கையால் எழுதிய தாள் ஒரு மனிதனைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்ற பயம். சேவியே அடிக்கடி, "மதாம், எதுனா சேதி?" என்று கேட்பார்.

சேதி ஒரு காலையில் தொலைபேசியில் வந்தது. "தந்திட்டினம் அக்கா," என்றார். பின்னால் சமையலறையில் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. வைத்துவிட்டார்.

இப்போது என்னிடம் வசனம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு என்னைவிட மூன்று மொழி கூடத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். விளங்காத வரியைச் சிவப்பு வட்டம் போட்டு வையுங்கள், நிரப்பாதீர்கள், தெரிந்த ஒருவரைத் தேடிப் போங்கள். வெட்கம் ஒரு நாளைக்குத்தான். சேர்த்த வரியை எடுக்க யாரோ ஒருவர் தன் குரலையே கொடுக்கவேண்டி வரும். ஒரு வட்டமும் இல்லாத தாளை யாராவது கொண்டுவந்தால் நான் வாசிக்கத் தொடங்குவதில்லை. கதிரையைக் காட்டி, "இரு பிள்ளை. எந்த இடத்திலை விளங்கேல்லை எண்டு முதல் சொல்லு," என்றுதான் கேட்பேன்.